படுத்தபடியே அறுபது

நிறுவனத்தின் ஏழாம் விதி தெளிவாகச் சொல்கிறது: மூன்று நாளுக்கு மேல் கடிதம் கொடுக்காத நகரத் தூதரின் எண் பட்டியலிலிருந்து நீக்கப்படும். நகரத் தூதர் என்றால் வேறு யாரும் இல்லை, சைக்கிளில் கடிதப் பை சுமக்கிறவர். அவருக்குக் கால் முறிந்தால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. விதியை எழுதியவருக்கு நாற்காலி ஓட்டித்தான் பழக்கம்.

பிரேக்கு என்று பட்டப்பேர் வாங்கிய தூதன் பிரேக்கைத் தொட்டதே கிடையாது. ஒரு திங்கட்கிழமை காலையில், சட்டென்று திறந்த ஒரு கார்க்கதவு அவனை நிறுத்தியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டாளிகள் பன்னிரண்டு பேரும் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவன் பெரியப்பா. வயது இருபத்தாறுதான், எதற்கெடுத்தாலும் புத்தி சொல்வதால் அந்தப் பேர். பின்னாலேயே சந்துராணி. ஊரில் உள்ள சந்துபொந்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"வேலை போயிடும்டா," என்று பிரேக்கு அழாத குறையாகச் சொன்னான். "வீட்டுல பொண்டாட்டி என் சம்பளத்தை நம்பித்தான் இருக்கா."

"நீ காலை நீட்டிப் படு," என்றாள் சந்துராணி. "நாங்க கடிதத்தைக் கொடுத்துட்டு மெஷின்ல உன் நம்பரைப் போட்டுடறோம். மெஷினுக்கு மூஞ்சியா தெரியும்?"

பன்னிரண்டு பேரும் தினமும் ஆளுக்கு மூன்று கடிதம் அவன் பேரில் போடுவதாகப் பேச்சு. ஆனால் மற்றவர்கள் மறந்திருப்பார்களோ என்ற கவலையில் ஒவ்வொருவரும் யாருக்கும் சொல்லாமல் இரண்டு கூட்டிப் போட்டார்கள். நல்ல காலோடு நாளுக்கு இருபதைத் தாண்டாதவன், கட்டுப்போட்ட காலோடு அறுபது கொடுத்தான்.

மாதக் கடைசியில் அவனுக்குத் தலைசிறந்த தூதர் விருது அறிவிக்கப்பட்டது. ஊன்றுகோலோடு விருது விழாவில் போய் நின்றான். திறன் மேம்பாட்டு அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"கால்ல என்ன?"

"முறிஞ்சிருச்சு சார்."

"எப்போ?"

"ஒரு மாசம் ஆச்சு."

அலுவலர் கணினியைப் பார்த்தார். "அன்னையிலிருந்துதான் உங்க வேகம் மும்மடங்கு ஆகியிருக்கு. அருமை!"

பிரேக்குக்கு மனசு கேட்கவில்லை. "சார், உண்மையைச் சொல்லிடறேன். நான் வீட்டுலதான் படுத்திருந்தேன்."

"அதனால என்ன? வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறதுதானே இப்போ நாகரிகம்!"

கைதட்டல் அடங்குவதற்குள் மற்ற பன்னிரண்டு பேருக்கும் குறிப்பாணை வந்து சேர்ந்தது. இருபதிலிருந்து பதினைந்துக்கு இறங்கிவிட்டார்களாம். படுத்திருப்பவரைப் பார்த்தாவது திருந்த வேண்டுமாம். இல்லாவிட்டால் பன்னிரண்டு எண்ணும் நீக்கப்படும்.

பிரேக்கு அன்று இரவே நடந்ததையெல்லாம் எழுதிவைத்தான். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு அலுவலரிடம் போனான். அவர் படிக்கப் படிக்க அவர் முகம் சுண்டியது. விருதுச் செய்தி மேலிடத்துக்குப் போய்விட்டது. மேலிடத்துக்குப் போனது பொய்யாக இருக்க முடியாது.

வெகுநேரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "உங்ககிட்டதான் அறுபது இருக்கே. ஆளுக்கு அஞ்சு அவங்களுக்குத் தானமா கொடுத்துடுங்க. நான் படிவம் போட்டுத் தர்றேன்."

அப்படிப் பிறந்ததுதான் தோழமைப் பரிமாற்றப் படிவம். கொடுத்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து, மூன்று பிரதியில் நன்றிக் கடிதம்.

"எங்க கடிதத்தை எங்களுக்கே கொடுத்ததுக்கு உனக்கு நன்றி எழுதணுமாம்," என்று பேனாவைக் கடித்தாள் சந்துராணி.

"உருக்கமா எழுது," என்றான் பெரியப்பா. "உருக்கத்துக்குத் தனிக் கட்டம் விட்டிருக்காங்க."

பன்னிரண்டு பேர் வேலையும் தப்பியது. மேலிடம் பூரித்துப்போனது. தூதர்களிடையே தோழமையைக் கண்டுபிடித்தவர் என்று அலுவலருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "ஒருத்தருக்கொருத்தர் உதவுறதுன்னா என்னன்னே இவங்களுக்குத் தெரியாம இருந்தது," என்று அவர் தழுதழுத்தார். பன்னிரண்டு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வேலை நிலைக்க வேண்டுமே.

பிறகு சுற்றறிக்கை வந்தது. பதிவு செய்யப்படாத உதவி, உதவியாகக் கருதப்படாது. பதிவான ஒவ்வோர் உதவிக்கும் ஒரு நட்சத்திரம். ஐந்து நட்சத்திரம் சேர்ந்தால் ஒரு மழைக்கோட்டு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மழைக்காலம் வந்தது. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

கால் கூடி பிரேக்கு வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பையை மாட்டிக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்கு வந்தான். அவன் சைக்கிளின் இரண்டு சக்கரமும் காற்றிறங்கித் தரையோடு தரையாக இருந்தன. பக்கத்தில் பெரியப்பாவும் சந்துராணியும் ஆளுக்கொரு பம்பும் படிவமுமாகச் சிரித்த முகத்தோடு நின்றார்கள்.

"முன் சக்கரம் எனக்கு, பின் சக்கரம் அவளுக்கு," என்றான் பெரியப்பா. "இங்க ஒரு கையெழுத்துப் போடு மச்சான்."

"காத்தைப் பிடுங்கினது யாருடா?"

பெரியப்பா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அதுக்குக் கட்டம் இல்லையே."

பிரேக்கு முறைத்தான். பிறகு கையெழுத்துப் போட்டான். போகிற வழியெல்லாம் மழைக்கோட்டு இல்லாத அவன் மேலேயே மழை பெய்தது.

மறுநாள் அவன் அரை மணி நேரம் முன்னதாகவே வேலைக்கு வந்துவிட்டான். கொட்டகையில் யாரும் இல்லை. பெரியப்பாவின் சைக்கிள் மட்டும், முந்தின நாள் விட்டுப்போனது, சுவரில் சாய்ந்திருந்தது. ஒருமுறை வாசல் பக்கம் பார்த்துவிட்டு, பிரேக்கு அதன் சக்கரத்துப் பக்கம் மெதுவாகக் குனிந்தான்.