தண்ணீர் கலக்காத வைரஸ்

உலகில் ஆராய்ச்சி நிலையங்கள் எத்தனையோ உண்டு. வைரஸுக்கே நிர்வாகம் கற்றுக்கொடுத்தது எங்கள் நிலையம் ஒன்றுதான். துணை இயக்குநர் என்ற முறையில் இதை மிகுந்த தன்னடக்கத்தோடு சொல்கிறேன்.

மருத்துவமனையில் ஒரு புதுக் காய்ச்சலால் வார்டு நிரம்பி வழிந்தது. எந்த மருந்து அதற்குக் கேட்கும் என்று சோதிக்க, அந்த வைரஸை வளர்த்துத் தரும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. பொறுப்பு எங்களுடையது, வேலை ஆய்வாளரம்மாவுடையது. குப்பியில் உயிருள்ள செல்களைப் பரப்பி, வைரஸை நன்றாக நீர்க்கச் செய்து, கொஞ்சமாக விடுவார்.

இயக்குநருக்கு வயிறு எரிந்தது.

"தண்ணி கலந்தா வீரியம் போயிடும்மா. அப்படியே ஊத்துங்க."

ஆய்வாளரம்மா பொறுமையாக விளக்கினார். இந்த வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது பிழை திருத்தாதாம். சில நகல்களில் பாதி விட்டுப்போகுமாம். அந்தக் குட்டை நகல்கள் நீளம் குறைவு என்பதால் மளமளவென்று பெருகுமாம். ஆனால் சொந்தமாக ஒரு வேலையும் தெரியாது. அதே செல்லுக்குள் முழு வைரஸ் ஒன்று இருந்தால், அது செய்துவைத்ததை அள்ளிக்கொண்டு பிழைக்குமாம்.

"நீர்க்க விட்டா ஒவ்வொண்ணும் தனித்தனி செல்லுக்குள்ள போகும் சார். குட்டை அங்கயே பட்டினி. கும்பலா ஊத்தினா குட்டைதான் ஜெயிக்கும்."

"கம்மி வேலை, வேகமான வளர்ச்சி. அதுக்குப் பேருதானேம்மா திறமை?" என்றார் இயக்குநர். மைத்துனரை மூன்றே மாதத்தில் முதுநிலை ஆலோசகர் ஆக்கியவருக்குத் தெரியாததா? நான் பலமாகத் தலையாட்டினேன்.

மைத்துனரே தம் பொற்கரங்களால் ஊற்றினார். முதல் குப்பியில் அமோக விளைச்சல். அதை அடுத்ததில் கவிழ்த்தார், அதை அதற்கடுத்ததில். கடைசியில் செல்கள் எல்லாம் சௌக்கியம், வைரஸைக் காணோம். 'வைரஸை ஒழித்த நிலையம்' என்று இயக்குநர் கேக் வெட்டினார். வார்டில் கிடந்தவர்களுக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை. அவர்கள் பாட்டுக்குக் காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வாளரம்மா கேக்கைத் தொடவில்லை.

"உள்ள இப்ப குட்டைங்க மட்டும்தான் சார். அதுங்களுக்கு உழைச்சுப் போட ஆளில்ல."

நிலையத்தின் மகிழ்ச்சிக்குக் குந்தகம் விளைவித்ததற்காக அன்றே அவர் 'விடுவிக்கப்பட்டார்'.

வைரஸ் ஏன் வளரவில்லை என்று ஆராய இப்போது உயர்மட்டக் குழு அமைந்திருக்கிறது: இயக்குநர், மைத்துனர், நான். மூவரும் சலவை கலையாத வெள்ளை அங்கியில் குப்பியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். மருத்துவமனையிலிருந்து போன் விடாமல் அடிக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.

போனை எடுப்பதும் ஆய்வாளரம்மாவின் வேலைதான்.