சில்லு டாக்டரின் ஆபீஸ் ரூம்

கட்டியில் ஊசி பட்டால் அது பற்றிக்கொண்டு உடம்பெல்லாம் பரவிவிடும் என்று நான் முழுமனதாக நம்பினேன். சிவகாசிப் பக்கத்துக்காரன் வேறு எப்படி நம்புவான்? புடைத்துக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் திரி எங்கே என்று தேடித்தான் எங்களுக்குப் பழக்கம். பின்கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி கிளம்பியபோது முடி வெட்டுபவரைக்கூட அந்தப் பக்கம் அண்டவிடவில்லை.

இந்த மடத்தனத்தை உடைத்தவர் சில்லு டாக்டர். விருதுநகரில் மனிதர்களை முழுசாகப் பார்க்கத் தெரியாத ஒரே மனிதர் அவர்தான். ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து பேசியிருப்பீர்கள், மறுநாள் தெருவில் பார்த்தால் "யாரு?" என்பார். உங்கள் உடம்பிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டால் போதும், "அட, நம்ம அண்ணாச்சியில்ல!" என்று குதூகலிப்பார். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அந்த மைக்ராஸ்கோப் கண்ணாடிச் சில்லுகள். குனிந்தால் கிலுகிலுக்கும். பெயர் வந்தது அப்படித்தான்.

அவர் குடும்பத்துக்குத் தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி. இவர் மட்டும் தப்பித்து டாக்டருக்குப் படித்து, விருதுநகரில் லேப் வைத்துவிட்டார். ஆனால் பட்டாசு அவரை விடவில்லை. உயிரணு பற்றி என்ன கேட்டாலும் பதில் கம்பெனிக்குள் புகுந்துதான் வெளியே வரும்.

பொரொட்டாக் கடையில் அவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். எண்ணெய் பொரொட்டாவை அடுக்கடுக்காகப் பிரித்து, "செல்லுக்கு உள்ள பாதை இப்படித்தான் மடிஞ்சு மடிஞ்சு போகும். எடம் கொஞ்சம், சோலி நெறைய" என்று விளக்கி முடிப்பதற்குள் எதிராளியின் சால்னா ஆறி ஆடை கட்டியிருக்கும்.

ஒரு கல்யாணத்தில் மேடையேறி, "ஆளுக்கு இருபத்து மூணு கொண்டாந்து வைக்கணும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்று வாழ்த்தினார். அப்பா பங்கு இருபத்து மூன்று, அம்மா பங்கு இருபத்து மூன்று என்று குரோமோசோம் கணக்கைச் சொன்னாராம். பெண்ணின் அப்பாவுக்கு அது பவுன் கணக்காகக் கேட்டு, பந்திக்கு நடுவில் தனிப் பஞ்சாயத்து ஓடியது.

இப்பேர்ப்பட்டவரிடம் கழுத்தை நீட்டுவதற்கு முன் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் காலண்டர் ஏஜெண்டு. எத்தனையோ பேருடைய படத்தை அழகாக அச்சடித்துக் கொடுத்தவன். என் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை மைத்துனர் கையில் விட்டால் ரேஷன் கார்டு படத்தைப் போட்டுவிடுவார் என்ற கவலை வந்தது. எனவே குற்றாலத்தில் கறுப்புக் கண்ணாடி மாட்டி எடுத்த படத்தோடு சிவகாசியில் ஒரு அச்சகத்துக்குப் போனேன்.

முதலாளி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூஞ்சி ஒங்களாட்டமே இருக்கே அண்ணாச்சி?"

"என் தம்பி."

"ஒங்களுக்கு ஏது தம்பி?"

"அதான் இல்லைன்னு ஆயிருச்சே."

அவர் உச்சுக் கொட்டிவிட்டு, "சீசன் நேரம். டிசைன் போட ரெண்டு நாள் ஆகும். தேதி என்ன போட?" என்றார்.

"தேதியை மட்டும் விட்டு வைங்க."

மறுநாள் என் மனைவி லேப்புக்கு இழுத்துப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் எழுந்தேன். மறுபடி உட்கார வைத்தார்கள்.

"ஊசி பட்டா பரவிரும்னு சொல்றாகளே டாக்டர்?"

"யாரு சொன்னா? ஒங்க கட்டி என்ன, அணுகுண்டு வெடியா? குனிங்க."

குனிந்தேன். எறும்பு கடித்தது போல் இருந்தது. அவ்வளவுதான். எதுவும் வெடிக்கவில்லை. "சாயம் ஏத்தி நிதானமாப் பாக்கணும். நாளைக்கு வாங்க" என்றார்.

நாளைக்கா? தண்ணீர் டம்ளரை வாங்கினேன். பாதி என் சட்டைக்குப் போனது. "இன்னைக்கே சொல்லுங்க டாக்டர். நல்லதா, கெட்டதா? நான் இங்கனயே உக்காந்திருக்கேன்" என்றேன். மனைவி, "இம்புட்டுப் பயந்தா கட்டியே பயந்து ஓடிரும்" என்றாள்.

டாக்டர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தார். "வாங்க, ஒண்ணு காட்டுறேன்."

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.

"என்ன தெரியுது?"

"ஒரே இருட்டா இருக்கு டாக்டர்."

"கண்ணைத் தொறங்க."

திறந்தேன். நீலச் சாயத்தில் முக்கியெடுத்த அப்பளம் போல ஒன்று மிதந்தது. நடுவில் அடர்த்தியாக ஒரு புள்ளி.

"இதான் செல்லு. சுத்தி ஓடுறது காம்பவுண்டு. கேட்ல வாட்ச்மேன் நிக்கான். தீப்பெட்டி, பீடி, போனு எதையும் விடமாட்டான். சர்க்கரை வந்தா மட்டும் 'வாங்க வாங்க'ம்பான். நடுவுல புள்ளி இருக்கில்ல? ஆபீஸ் ரூமு. மருந்துக் கலவை பார்முலா அம்புட்டும் அங்கன. ஒரிஜினல் வெளிய வராது. நகல்தான் வரும். அதைப் பாத்துத்தான் ஷெட்டுல சரக்கு செய்வாக. செஞ்சது பேக்கிங் செக்‌ஷனுக்குப் போயி, லேபிள் ஒட்டி, லோடு ஏறும்."

"பேக்கிங் செக்‌ஷன் எங்க டாக்டர்?"

"இந்த மிஷின்ல தெரியாது. இருக்குன்னு நம்புங்க. செல்லுக்குச் சக்தி குடுக்குற ஜெனரேட்டரும் தெரியாது. அவன் கதையே தனி. ஆதியில வெளியாளு, ஒரு பாக்டீரியா. உள்ள வந்தவன் அப்படியே தங்கிட்டான். இன்னமும் சொந்த பார்முலாவைத் தனிப்பெட்டியில வச்சிருக்கான். வீட்டோட மாப்பிள்ளைன்னு வச்சுக்கோங்க."

நான் வீட்டோடு மாப்பிள்ளை. தலையைத் தூக்கி முறைத்தேன்.

"கோவப்படாதீக. அவன் இல்லேன்னா கம்பெனியில கரண்டே கிடையாது."

என் மாமனார் வீட்டில் இத்தனை வருஷத்தில் ஒருவர் வாயிலிருந்தும் வராத பாராட்டு. மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"எதுக்கு டாக்டர் இம்புட்டு ரூமு?"

"மருந்து கலக்குற ரூமும் வெடி காயப்போடுற இடமும் ஒண்ணா இருந்தா என்ன ஆகும்?"

எங்கள் பக்கத்தில் இதற்குப் பதில் சொல்ல யாரும் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை.

"அதேதான். குப்பையைக் கரைக்கிற சரக்கு ஒரு ரூமுல பூட்டிக் கெடக்கு. அது வெளிய வழிஞ்சா கம்பெனியே கரைஞ்சு போகும். பாக்டீரியாவுக்கு ஒரே ரூமு. அடுப்பும் கட்டிலும் அங்கனயே. நாமெல்லாம் ரூம் ரூமா பிரிச்சு லைசென்ஸ் வாங்குன பார்ட்டி."

கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்டேன். "கெட்டதுன்னா எப்படி இருக்கும்?"

அவர் குரல் இறங்கியது. "ஆபீஸ் ரூமு வீங்கி, கறுத்து, கோணிக்கிட்டு நிக்கும். யாரையும் கேக்காம ஷெட்டு மேல ஷெட்டா கட்டிக்கிட்டே போவான்."

மறுபடி குனிந்து பார்த்தேன். சின்ன ஆபீஸ் ரூம். உருண்டையாக, நட்டநடுவில், ஞாயிற்றுக்கிழமைக் கம்பெனி போல அமைதியாக இருந்தது. எனக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்து மைக்ராஸ்கோப்பே நனைந்தது. டாக்டர் என்னை விட்டுவிட்டு அதைத் துடைத்தார்.

வாசலுக்கு வந்ததும் அச்சகத்துக்குப் போன் போட்டேன். "அந்த போஸ்டர் வேண்டாம். தம்பி பிழைச்சுக்கிட்டான்."

அச்சக முதலாளி, "அப்ப வரவேற்பு போஸ்டரா மாத்திரவா அண்ணாச்சி? அதே படம்தானே?" என்றார்.

மறுநாள் தைரியசாலியாக லேப்புக்குப் போனேன். "கொழுப்புக் கட்டி. ஒண்ணும் இல்ல. பாருங்க" என்றார் டாக்டர். பார்த்தேன். சோப்பு நுரை போலக் கும்பலாக ஏதோ தெரிந்தது. "செல்லு முழுக்க எண்ணெய் குடோன் கட்டி, ஆபீஸ் ரூமை ஓரத்துக்குத் தள்ளிட்டீக. எம்புட்டு பொரொட்டா சாப்பிடுவீக?"

"டாக்டர், நேத்து ஆபீஸ் ரூமு நடுவுல இருந்துச்சே?"

அவர் இருமினார். பைக்குள் சில்லுகள் கிலுகிலுத்தன. "டீ சாப்பிடுறீகளா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

லேப்பில் சாயம் ஏற்றும் பாண்டியம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் என்னிடம் வந்தாள். "அண்ணே, நேத்து ஒங்க சில்லு சாயத்துலதான் கெடந்துச்சு. அப்ப யாருமே அதைப் பாக்கல. நீங்க நடுங்குறதைப் பாத்துட்டு டாக்டரு உள்ள வந்து ஒரு ஐஸ்குச்சியை எடுத்தாரு. தன் கன்னத்துக்குள்ள விட்டுச் சுரண்டி, கண்ணாடியில தேச்சுக் கொண்டாந்துட்டாரு."

நான் என்னுடையது என்று நம்பி அழுதது சில்லு டாக்டரின் செல்லைப் பார்த்துத்தான்.