விதிப் புத்தகத்தைப் பிரிச்ச நாள்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பத்தாவது பிள்ளைங்களைப் பத்து நிமிஷம் வாசிக்க வைக்கணும்.

நான் பி.டி. வாத்தியார். ஒரகடம் பக்கத்துல ஒரு அரசுப் பள்ளி. பத்தாவதுல பாதிப் பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கறாங்கன்னு தெரிஞ்சதும் ஹெச்.எம். மேடம் உத்தரவு போட்டுட்டாங்க. தமிழ் டீச்சர் மட்டும் இல்ல, எல்லாரும் அவங்கவங்க பீரியட்ல வாசிக்க வைக்கணும்.

"மேடம், எங்கிட்ட விசில்தான் இருக்கு."

"கபடி விதிப் புத்தகம் இருக்குல்ல சார்?"

இருந்துச்சு. பீரோவுல. பதினோரு வருஷமா, வாங்கின பாலித்தீன் கவரோட!

கபடி டீம் கேப்டன் ஜெயந்தியை எழுப்பினேன். கம்பெனி வேலைக்குப் பத்தாவது பாஸ் கேக்கறாங்க. அவ அக்கா ஃபெயிலாகி வீட்ல உட்காந்திருக்கா. இவளுக்கும் புத்தகம்னாலே தலைவலி. இவ ஒரு வரி வாசிச்சிட்டாப் போதும்னு வேண்டிக்கிட்டேன்.

"ஆ... ளை... ஆளைத் தொ... தொட்ட பின்..." விரலை வச்சு நகர்த்தினா. வேர்த்துக் கொட்டுச்சு. "...ஓரப் பட்டையும் ஆடுகளமே."

"சபாஷ்!" நிஜமாவே சந்தோஷம் எனக்கு. கிளாஸே கைதட்டுச்சு.

அவ தட்டல. அதே வரியை மறுபடி படிச்சா. இந்தத் தடவை தடுமாறல.

"சார், போன மாசம் மறைமலை நகர் டீமோட ஆடச்சொல்ல, நான் ஆளைத் தொட்டுட்டுத்தான் கோட்டோரம் இருக்கற லாபிப் பட்டைல கால் வச்சேன். நீங்க அவுட்டுன்னு ஊதிட்டீங்க."

"அது வந்து..."

"ஒரு பாயிண்ட்ல தோத்தோம் சார்."

நம்ம கிரவுண்டு, நம்ம டீம், நம்ம விசில்.

"சரி, உட்காரும்மா. பத்து நிமிஷம் ஆயிடுச்சு."

"மூணுதான் சார் ஆச்சு"ன்னுச்சு பின் பெஞ்சு.

ஜெயந்தி பக்கத்தைத் திருப்பினா. "அவுட்டான வரிசையில்தான்... உள்ளே வர வேண்டும்." படிச்சிட்டு என்னை நிமிந்து பாத்தா.

"இன்னா சார் இது! யாரு மொதல்ல அவுட்டானாலும் நீங்க எப்பவும் மஞ்சுளாவைத்தானே மொதல்ல உள்ள கூப்புடுவீங்க?"

"அவ நல்லா ஆடுவாம்மா..."

அதுக்குள்ள, வாயே திறக்காத பசங்கெல்லாம் கை தூக்க ஆரம்பிச்சிட்டாங்க. "சார், அடுத்தது நான் படிக்கறேன்!" "நான் சார்!"

பெல் அடிச்சுது. தப்பிச்சோம்டான்னு விசிலைப் பாக்கெட்ல போட்டேன்.

ஜெயந்தி மட்டும் வாசல்ல நின்னா.

"சார், இந்தப் புக்கை வூட்டுக்கு எடுத்துனு போவட்டா? முழுசாப் படிச்சிட்டுத் தரேன்."

எங்க பள்ளியில ஒரு பத்தாவதுப் பொண்ணு தானா புத்தகம் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைக் குடுக்காம இருக்க என்ன வழின்னு யோசிச்ச ஒரே வாத்தியாரும் நான்தான்.