இரும்புச் சாமியும் அகப்பைக் காம்பும்

அந்த வெள்ளிக்கிழமை வரிசையின் தலை எங்கள் தோட்டத்துக் கோயிலடியில் இருந்தது. வால் பல மைல் தள்ளிப் பூண்டுலோயாவில் இருந்தது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கிறவர்கள் குறைப்பதை யாராவது ஈடுகட்ட வேண்டாமா?

கூட்டமெல்லாம் இரும்புச் சாமியைப் பார்க்க. சாமி வேறு யாருமில்லை, கினிகத்தேனைக் கடைத்தெருவில் குடை ரிப்பேர் பார்த்த ஆண்டியப்பன்தான். அங்கே மழை விட்ட ஒரே வாரத்தில் அவருக்கு அருள் வந்துவிட்டது.

அவர் கண்டுபிடித்தது அடுப்பு முனி. வலிப்புக்காரர்களைப் பிடித்து அடுப்பில் தள்ளுவது அதன் தொழிலாம். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் சனத்தின் பழைய பழக்கம். சாமி அதற்கு விலை போட்டார். தேயிலைச் செடி வெட்டித் தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தியைத் துண்டாக்கி, மந்திரித்து, சிவப்புத் துணியில் சுற்றித் தருவார். துண்டுக்கு ஒரு சேவல். இரும்பு கைக்குப் போகும்வரை வலிப்புக்காரரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் முனி தொட்டவர் மேல் தாவும். ஆஸ்பத்திரி மாத்திரையும் கூடாது, முனிக்குக் கசக்குமாம்.

ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய எங்கள் லயங்களில் கூவுவதற்குச் சேவலே இல்லாமல் போயிற்று. விடிந்ததைச் சொல்ல, வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்புமேளம் மட்டும் மிஞ்சியது. இலங்கை சுதந்திரம் பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் எங்களுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. முனிக்கு மட்டும் எல்லா லயத்திலும் கிடைத்திருந்தது.

எங்கள் லயத்துப் பூரணிக்கு வலிப்பு உண்டு. லயத்து அடுப்பு என்பது தரையில் மூன்று கல். ஒரு நாள் காலையில் குந்தி உட்கார்ந்து ஊதும்போதே வலிப்பு வந்து, இடது கை நெருப்புக்குள் விழுந்தது. லயமே ஓடியது. அவளிடம் அல்ல, இரும்பு தேடி. புருஷன் பழனியாண்டி கூரையில் செருகிய இரும்புத் துண்டைத் துழாவினான். பக்கத்துக் காம்பராக்காரன் தன் பெட்டியைக் கவிழ்த்தான். கை வெந்துகொண்டிருந்தது. கடைசியில் இரும்பு கிடைத்தபோது இரண்டு விரல்கள் ஒட்டிப்போயிருந்தன. சாமி வந்து பார்த்து, மற்ற மூன்றையும் காப்பாற்றியது இரும்புதான் என்று சொல்லி இன்னொரு சேவல் வாங்கிப் போனார்.

தோட்டத்து மருத்துவிச்சி பவுலின் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டார்: "யாரு இவளை இழுத்துப் போட்டது?"

"யாரும் இல்லீங்க நர்சம்மா. இரும்பு தேடிக்கிட்டு இருந்தோம்," என்றான் பழனியாண்டி.

"விழுந்தது உன் சேவலா இருந்தா?"

அவன் யோசித்தான். "ஒடனே எடுத்திருப்பேங்க."

இப்போது சாமி புது அறிவிப்பு விட்டிருந்தார். வெள்ளிக்கிழமை பூரணி இரும்போடு தீக்குழியருகே உட்கார்ந்து ஊத வேண்டும், முனி வெளியே வரும், ஒரேயடியாக விரட்டிவிடுவார். முதல் நாளே அவள் பவுலினிடம் வந்து நின்றாள். "போகலைன்னா லயத்தில பீலிக்குழாய்ல தண்ணிகூடப் பிடிக்க விடமாட்டாங்க. போனா இந்தக் கையும் போயிரும்மா." வலது கையும் போனால் கொழுந்து பறிக்க முடியாது. வேலை போனால் காம்பராவும் போகும்.

சாமி பேச்சைக் கேட்டு அவள் நிறுத்தியிருந்த மாத்திரையைப் பவுலின் திரும்பக் கொடுத்தார். பிறகு அவள் மடியிலிருந்த சிவப்பு முடிச்சை வாங்கி அவிழ்த்து, ஏதோ செய்து, பழையபடி கட்டிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை. பூரணி சிவப்பு முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஊதினாள். பவுலின் அவள் முதுகுக்குப் பின்னால் ஒட்டி உட்கார்ந்திருந்தார். மாத்திரை ஒரு நாளில் கேட்குமா? பூரணிக்குக் கண் செருகியது. தீப்பக்கம் சாயுமுன்னே பவுலின் அவள் அக்குளில் கைகொடுத்துப் பின்னால் இழுத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கூட்டம் அலறிக்கொண்டு பத்தடி பின்வாங்கியது. பலர் வட்டவளை ஊர் வரைக்கும் போய்விட்டார்கள். சாமி வேப்பிலையோடு ஆடினார். சற்று நேரத்தில் வலிப்பு தானாக அடங்கியது. அது எப்போதும் அப்படி அடங்குவதுதான்.

"பாத்தீங்களா! இரும்பு சுட்டு ஓடிட்டான் முனி. அந்தச் சூடு எனக்கு இங்க வரைக்கும் அடிக்குது," என்றார் சாமி.

"பழனியாண்டி, அந்த முடிச்சை அவிழு," என்றார் பவுலின்.

அவிழ்த்தான். உள்ளே உடைந்த அகப்பைக் காம்பு.

"இரும்பு எங்கம்மா?" என்றது கூட்டம்.

"என் மருந்து அறையில. சன்னல் அடிச்சுக்காம இருக்க அண்டை கொடுத்திருக்கேன். அந்த வேலையை நல்லாத்தான் பாக்குது. அப்புறம், இவளைத் தொட்டேனே, முனி எங்க? இன்னும் எம்மேல ஏறலையே?"

சாமி தொண்டையைக் கனைத்தார். தம் மந்திரம் மரத்திலும் பிடிக்கும் என்றார்.

"ரொம்ப நல்லது சாமி. மரம், இரும்பு, எது வேணுமோ பிடிச்சுக்கங்க. மத்தக் கையை இந்தக் குழிக்குள்ள கொஞ்சம் நீட்டுங்க."

சாமிக்கு அப்போதுதான் பஸ் நினைவு வந்தது. அவர் ஓடிய வேகத்தில் வேட்டி மலைப்பாதையில் ஒரு வளைவு பின்தங்கியே வந்தது. விட்டுப்போன சேவல்களில் எது யாருடையது என்று எங்கள் சனம் ஒரு மாசம் அடித்துக்கொண்டது.

பழனியாண்டி கல்லும் மண்ணும் வைத்து அடுப்பை இடுப்புயரத்துக்கு ஏற்றி, சுற்றி வரம்பு கட்டினான். சமையல் இப்போது அவன் பொறுப்பு. அவன் வைக்கும் ரசத்தைக் குடித்தால் எந்த முனியும் ஓடிவிடும். பூரணி மாத்திரையை விடாமல் விழுங்குகிறாள். நெருப்பருகே தனியாகப் போவதில்லை. வலது கையால் கொழுந்து பறிக்கிறாள்.

ஆண்டியப்பன் வேறு தோட்டத்தில் வேறு பெயரில் வருவார். வரட்டும். உங்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன்: கண்ணெதிரே ஒருத்தி தீயில் விழுந்தால் முதலில் உங்கள் கையை நீட்டுங்கள். இரும்பை அப்புறம் தேடலாம், சன்னலுக்கு.