அசல் துரு

நன்றாக ஓடிவரும் வண்டியைப் பார்த்து, "இது ஓடத் தகுதியற்றது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது வாகன ஆய்வாளரின் உத்தியோகம். அதற்கு நடுவே நேரம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவர் போனில் பழைய கார் விளம்பரங்களைப் பார்ப்பார். மூன்று சக்கரக் கார், மூக்கில் கதவு வைத்த கார், தண்ணீரிலும் போகும் கார் என்று யார் யாரோ விற்கும் அதிசயங்களுக்கெல்லாம் இதயக்குறி போட்டுவிடுவார். வாங்கியது ஒன்றுகூட இல்லை. பார்ப்பதற்கே நேரம் போதவில்லை, பாவம்.

ஒருநாள் மளிகைக்கடைக்காரர் தம் பழைய காரோடு வந்து நின்றார். ஆய்வாளர் ஒரு கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு, மறு கண்ணால் காரைச் சுற்றிவந்தார்.

"உடம்பெல்லாம் துரு. இடது கதவு திறக்கல. பிரேக்கை மிதிச்சா ஹாரன் அடிக்குது. தள்ளுபடி!"

"ஐயா, இதுலதானே வந்தேன்! ஜம்முனு ஓடுதுங்க."

"ஓடுறது உங்க சொந்த விஷயம். துரு அரசாங்க விஷயம்."

மறுவாரம் ஒரு விளம்பரம் வந்தது. அந்தி வெயிலில் எடுத்த படம். 'மனிதக் கை படாத அசல் துரு. கண்டவர்களுக்கும் திறக்காத இடது கதவு. பிரேக்கோடு இணைந்த எச்சரிக்கை ஒலி.' ஆய்வாளர் முதல்முறையாக, 'நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று பதில் போட்டுவிட்டார்.

வீட்டில் கார் நிறுத்தக் கூரையடியில் ஒரே ஓர் இடம். அங்கே நின்றது மனைவியின் சின்ன வெள்ளைக் கார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. விடிந்ததும் கிளம்பியாக வேண்டும்.

"அப்ப என் வண்டி எங்க நிக்கும்?"

"தெருவுல நிக்கட்டுமே. அது சாதாரண வண்டிதானே."

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வண்டியை மட்டும் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை.

விளம்பரத்துக் காரை ஓட்டிவந்து இறங்கியவர் மளிகைக்காரர். "ஐயா, நீங்களா!"

ஆய்வாளர் அசரவில்லை. "அன்னைக்கு அதிகாரியா பாத்தேன். இன்னைக்கு ரசிகனா பாக்குறேன். ரெண்டும் வேற வேற கண்ணு."

ஆனால் அதிகாரி போட்ட தள்ளுபடி ரசிகரின் கழுத்தைப் பிடித்தது: தள்ளுபடியான வண்டியை யார் பேருக்கும் மாற்ற முடியாது. மேலதிகாரியிடம் ஓடினார். அவர் போனிலும் அதே விளம்பரப் பக்கம்தான் திறந்திருந்தது. இருவரும் மனம்விட்டுப் பேசியதில் ஒரு சுற்றறிக்கை பிறந்தது: 'துரு இருவகைப்படும். அலட்சியத்தால் வந்தது அழுக்கு. காலத்தால் வந்தது பாரம்பரியம். எது எதுவென்று ஆய்வாளர் முகர்ந்து முடிவு செய்வார். ஓட்டினால் துரு உதிரும் அபாயம் உள்ளமையால், பாரம்பரிய வாகனத்தை ஓட்டலாகாது.'

அவ்வளவுதான், ஊருக்குப் பித்துப் பிடித்தது. சும்மா நின்றே மதிப்புக் கூடும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? போன மாதம் வாங்கிய காரை மழையில் நிறுத்தினார்கள். உப்புத் தண்ணீர் தெளித்தார்கள். மேலதிகாரி அலுவலக ஜீப்பையே பாரம்பரியமாக்கிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார். மளிகைக்காரர் மூட்டையைத் தலையில் சுமந்தார். ஆய்வாளருக்கோ முகர்ந்து முகர்ந்து ஜலதோஷமே பிடித்துவிட்டது.

ஒரு விடுமுறை நாளில் அவர் கூடத்தில் சாய்ந்துகொண்டு போனில் விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டே போனார். சட்டென்று விரல் நின்றது. 'மிக மிக அரிது! சாவியைத் திருப்பினால் கிளம்பும். நான்கு கதவும் திறக்கும். பொட்டுத் துரு கிடையாது. தினமும் துடைத்து வைத்த ஒரே கை.' வெள்ளைக் கார். என்ன அழகு! இதயக்குறி போட்டு, 'கடைசி விலை என்ன?' என்று கேட்டார்.

சமையலறையில் ஒரு போன் 'டிங்' என்றது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "உங்களுக்கு முன்னாடி மேலதிகாரி கேட்டிருக்காரு. அதுக்கு முன்னாடி மளிகைக்காரர். நீங்க வரிசையில நில்லுங்க."

"ஐயோ! நம்ம வண்டியையா விக்கப்போற?"

"விக்கப் போடலீங்க. நீங்க பாக்கணும்னு போட்டேன். வீட்டுல இருக்குறது உங்க கண்ணுல படணும்னா வேற வழி?"

ஆய்வாளர் எழுந்துபோய், பாரம்பரியத்தைத் தள்ளித் தெருவில் விட்டார். வெள்ளைக் காரைக் கூரையடியில் தாமே கொண்டுவந்து நிறுத்தினார். அன்று முழுக்கப் போனைத் தொடவில்லை. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் காலை வாசலில் ஊரே கூடியிருந்தது, ஓடுகிற காரைப் பார்க்க. மேலதிகாரி கண் கலங்கி நின்றார். கையில் புதிய சுற்றறிக்கை: 'ஓடும் வாகனங்கள் அருகிவிட்டமையால், எஞ்சிய ஒன்றைக் காப்பது நம் கடமை. எனவே அதை ஓட்டலாகாது.'

"இப்ப நான் எப்படி வேலைக்குப் போறது?" என்றாள் மனைவி.

"நடந்துதான். வா, நானும் வரேன்" என்று அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார் ஆய்வாளர். ஊரும் பின்னால் நடந்தது. பேசிச் சிரித்துக்கொண்டு தெருமுனை வரை ஒழுங்காகத்தான் வந்தார். அங்கே சட்டென்று நின்று, அவள் காலைக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இந்தச் செருப்பு எந்த வருஷத்து மாடல்?"

பின்னால் வந்த ஊரே நின்று, தத்தம் காலைக் குனிந்து பார்த்தது. மேலதிகாரி மெல்லத் தம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.