அரசரைப் போர்த்திய சட்டம்

வெண்குடை நாட்டில் படம் எடுக்க யாருக்கும் தடையில்லை. மழையில் நனையும் கதாநாயகியின் இடுப்பைக் கேமரா கால்மணி நேரம் சுற்றிவந்தாலும், தணிக்கை மன்றம் ‘குடும்பச் சித்திரம்’ என்று முத்திரை குத்தி அனுப்பிவிடும்.

அந்த நாட்டில் கயல்நாச்சி என்றொருத்தி இருந்தாள். அவள் எடுத்த படத்தில் கதையில்லை, பாட்டில்லை, வசனமில்லை. பரிசல்காரனான அவள் கணவன் மாசாணம் சட்டையில்லாமல் துடுப்புப் போடுகிறான்; அவன் முதுகில் வேர்வை இறங்குவதைக் கேமரா அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். அரங்கில் பெண்கள் மூச்சுவிட மறந்தார்கள். ஆண்களுக்கு நாற்காலி முள்ளாகிவிட்டது.

பண்பாட்டு அமைச்சர் திருமேனிநாதர் அவளை அழைத்து விசாரித்தார்.

“எம் புருஷன நான் பாக்கறது குத்தமுங்களா?”

“பார்ப்பது குற்றமன்று, அம்மணி. நீ பார்ப்பது வெளியே தெரிகிறதே, அதுதான் குற்றம்.”

மறுநாளே சட்டம் வந்தது. பெண்கள் கண்பட்டு ஆண்களின் மானம் கெடாதிருக்க, ஆண்கள் யாவரும் கம்பளி போர்த்தியே வெளியில் வர வேண்டும். சித்திரை வெயிலில் கம்பளிக்குள் ஏர் ஓட்டியவர்கள் வயலிலேயே சுருண்டு விழுந்தார்கள். அமைச்சர் அறிக்கை விட்டார்: “விழுந்தவர்களில் ஒருவர் கம்பளியும் விலகவில்லை என்பதில் அரசு பெருமிதம் கொள்கிறது.”

மாசாணத்தின் கம்பளி ஆற்றில் நனைந்து பாரமாகி அவனை உள்ளே இழுத்தது. கரையிலிருந்த கயல்நாச்சி பாய்ந்துபோய், கம்பளியைக் கிழித்தெறிந்து அவனைக் கரைசேர்த்தாள். குடித்த தண்ணீரைக் கக்கிவிட்டு அவன் முனகினான்:

“ஏம்புள்ள, எல்லாரும் பாக்கறாங்களே!”

“பாக்கட்டும். உசுரோட இருந்தாத்தான பாக்கறதுக்கு?”

பொது இடத்தில் ஆணின் கம்பளியைக் களைந்த குற்றத்துக்காக அவளைச் சபையில் நிறுத்தினார்கள். அவள் வெளியே கைகாட்டினாள். தெருவுக்குத் தெரு, திரைகளில் அரசர் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

“பொம்பளைங்க நாங்க நாள் முச்சூடும் இவரத்தானுங்க பாக்கறோம். ராசா ஆம்பளதானுங்களே?”

அமைச்சர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். இல்லையென்றால் ராஜத்துரோகம்; ஆமென்றால் சட்டம். அன்று மாலையே அரசருக்கும் கம்பளி போர்த்தப்பட்டது. கேள்வி கேட்டவளுக்குச் சிறை.

அவள் வெளியே வந்தபோது அரசரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் முடிந்திருந்தது. கம்பளி வாய் திறக்காமலேயே அமோக வெற்றி பெற்றிருந்தது. உள்ளே இருப்பது பழைய அரசர்தானா என்று எவரும் விலக்கிப் பார்க்கவில்லை. சட்டம் இடம் தரவில்லை. வரி மட்டும் தவறாமல் ஏறியது.

கயல்நாச்சி மறுபடி கேமராவைத் தூக்கினாள். அரியணையில் வீற்றிருந்த கம்பளியை நேருக்கு நேர், அசையாமல், நாள் முழுக்கப் படமெடுத்தாள். தணிக்கை மன்றம் அதைக் கடைசிவரை பார்த்து, மனமகிழ்ந்து சான்றிதழ் எழுதிக் கொடுத்தது:

“படத்தில் ஆள் எவருமில்லை. ஆகவே ஆபாசமில்லை. சகலரும் காணலாம்.”