அக்கரைக்குப் பாண் வாங்கப் போன அண்ணன்

குரோருட், ஒஸ்லோ
சனி பின்னேரம்

அன்புள்ள தங்கை சிவகாமிக்கு,

அண்ணன் இராசதுரை எழுதுவது. நானும் உன் மச்சாளும் சுகம்; என் முழங்கால் மட்டும் தன் போக்கில் இருக்கிறது. நீயும் சுகமாய்த்தான் இருப்பாய். அதுதான் எனக்குக் கோபம்.

கணவரை இழந்தபின் நீ நெதர்லாந்தில் தனியே இருக்கக் கூடாது, கையோடு ஒஸ்லோவுக்குக் கூட்டி வாருங்கள் என்றுதான் உன் மச்சாள் உதயகுமாரி என்னை அனுப்பினாள். வந்த அன்றே கேட்டிருப்பேன். நீதான் என்னை ஆற்றங்கரை வாங்கில் இருத்தினாய். ஜன்னலுக்குத் திரை போட்டு, மேல்தட்டில் பூச்சாடிகளும் ஒரு காரும் வைத்துக்கொண்டு, நீளக் கப்பல் ஒன்று சத்தமில்லாமல் போனது. அதன் பின்னால் இன்னொன்று. வால் என்று பெயர் வைத்த ஆற்றுக்குத் தலை எந்தப் பக்கம் என்று யோசித்தபடியே இருந்துவிட்டேன். கேட்க வந்தது தண்ணீரோடு போய்விட்டது.

மறுநாள் காலை அக்கரை பேக்கரியில் பாண் வாங்கப் படகேறினேன். ட்ராம் ஓட்டிய காலத்தில் ஒரு நாளும் கண்ணயராதவன் நான். அந்தப் படகோ மெல்ல மெல்ல அசைந்தது. மூடுபனியில் இந்தக் கரையும் இல்லை, அந்தக் கரையும் இல்லை. விழித்தபோது என்மேல் ஒரு கம்பளிப் போர்வை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நீ கரையில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறாய்.

“அண்ணை, பாண் எங்கை?”

“அக்கரையிலை.”

“காலமை தொடக்கம் போய்ப் போய் வாறியள். எழுப்ப வேண்டாமெண்டு நான்தான் வில்லெமுக்குச் சொன்னனான்.”

வில்லெம் படகோட்டி என்பது தெரியும். நீ அந்தப் பெயரைச் சொன்ன விதம்தான் எனக்குப் புதிது. அங்கேயே கேட்டேன்: “பிள்ளை, எங்களோடை ஒஸ்லோவுக்கு வாவன். இஞ்சை தனிய என்ன செய்யப் போறாய்?”

“தனிய இல்லை, அண்ணை. நானும் வில்லெமும் கலியாணம் கட்டப்போறம்.”

அவர் தொப்பியைக் கழற்றி, தமிழில், “வாங்கோ” என்றார். நான் அவருடைய போர்வையைப் போர்த்திக்கொண்டு கோபப்பட முயன்றேன். சரிவரவில்லை.

ஆகவே இப்போது, என் சொந்தச் சாப்பாட்டு மேசையில் இருந்து உறுதியாக எழுதுகிறேன்: இந்தக் கலியாணத்துக்கு எனக்குச் சம்மதமில்லை. நாங்கள் வரமாட்டோம். இனி ஒருவரும் என்னை ஆற்றங்கரையில் இருத்தவும் வேண்டாம்.

எங்கிருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று வேண்டும்,
உன் அண்ணன்
இராசதுரை

பி.கு.: கடிதத்தை உதயகுமாரி வாசித்தாள். “கலியாணத்தைச் சொல்லேக்கை சிவகாமி சிரிச்சவளோ?” என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். சேலை எடுக்க ட்வெய்ட்டாக் கடைகளுக்குப் புறப்பட்டுவிட்டாள். கலியாணத்துக்கு ஒரு கிழமை முன்பே வருகிறோம். எனக்குத் திரும்பி வரும் டிக்கெட்டை நான் எடுக்கவில்லை; அந்த வாங்கில் நானாகவே போய் இருந்துகொள்வேன். அதை அவளிடம் நீதான் பக்குவமாய்ச் சொல்ல வேண்டும்.